பொட்டு வைத்த டெலிட் பட்டன்

சூரமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நான் நடத்துகிற சின்ன ஜெராக்ஸ் கடையில், மாதா படத்துக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வலது ஓரத்து மேல் மூலையில் ஒரே ஒரு பட்டனில் மட்டும் சந்தனம் காய்ந்து, அதன் நடுவில் குங்குமம் இருக்கும். டெலிட் பட்டன். மற்ற பட்டன்கள் எல்லாம் எழுத்துத் தேய்ந்து பல்லிளிக்க, இது மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் உட்கார்ந்திருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் முதலில் மாதாவைப் பார்ப்பார்கள், பிறகு பொட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நீங்க எந்தச் சாமியைக் கும்பிடறீங்க என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. பிரின்டர் பழுது பார்க்க வரும் தம்பி, "அக்கா, அந்த ஒரு கீ செத்துக் கிடக்குது, சொன்னீங்கன்னா புதுசு மாத்திடலாம், சின்ன வேலைதான்" என்று வரும்போதெல்லாம் சொல்வான். அந்த ஒரு கீயைச் சாகடிப்பதற்கு நானும் இன்னொருவரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பட்ட பாட்டை அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? வேண்டாம்ப்பா என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அந்த இன்னொருவர் எங்கள் முதலாளியம்மா. கம்ப்யூட்டர் படிப்பு முடித்த கையோடு திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ஒரு ரிக் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. ரயில்வேயில் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லிவிட்ட இடம். காலையில் சூரமங்கலத்தில் டவுன் பஸ் பிடித்து, பிறகு திருச்செங்கோடு பஸ் மாறி, மலை கண்ணுக்குத் தெரிந்ததும் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பேன். அந்த ஊரில் பாதிப் பேர் பூமியைத் துளைக்கப் போனவர்கள், மீதிப் பேர் போனவர்களுக்காகப் போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் என்று நான் வீட்டில் வந்து சொல்வேன். ஒரு ரிக் என்றால் இரண்டு லாரி. ஒன்று துளை போடும் இயந்திரம் பூட்டியது. மற்றது ராடும் டீசலும் ஆட்களின் அரிசி பருப்பும் சுமப்பது. அவை மழைக்காலம் முடிந்து வடக்கே சத்தீஸ்கர் பக்கம் போனால் அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்பும். எங்கள் முதலாளிக்கு அப்படி இரண்டு ரிக் இருந்தன. எந்த ஊரில் எந்த ஏஜென்ட் நம்பிக்கையானவர், எங்கே மண் இளகும், எங்கே எடுத்த எடுப்பிலேயே பாறை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. லேப்டாப் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் அவர் செய்தது சீட்டாட்டம் மட்டுமே.

ஒரு கோடையில், வடக்கே கேம்ப்பில், காலையில் டீ கிளாஸைக் கையில் வாங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். அவரோடு நெடுங்காலம் இருந்த டிரில்லர் அண்ணன்தான் உடம்பை ஆம்புலன்ஸில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வரை கொண்டுவந்தார். காரியம் முடிந்த சில நாளில் ஆபீசிலேயே குடும்பம் கூடிப் பேசியது. முதலாளியின் தம்பிக்கும் சொந்தமாக ரிக் உண்டு. நல்ல மனிதர்தான், அண்ணன் போனதில் உண்மையாகவே இடிந்து போயிருந்தவர். அவர் சொன்னார்: "அண்ணி, வடக்க இருக்கற ஆளுங்கள இங்கிருந்து வேலை வாங்கறது லேசுப்பட்ட காரியமுங்களா? ரெண்டு ரிக்கும் என்ற வண்டிகளோட சேந்து ஓடட்டும். நீங்க ஊட்ல நிம்மதியா இருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளியம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆயுத பூசை வரைக்கும் டைம் குடுங்க தம்பி. வண்டி கெளம்பறப்ப எந்த வண்டி எங்க போகோணும்னு நானே சொல்லிப்போடறேன். சொல்லத் தெரியலைன்னா நீங்க சொன்னபடி ஆகட்டும்" என்றார். தம்பிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சொல்லத் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளியம்மா டிபன் கேரியரோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். முதலாளியின் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதைய எப்படித் தொறக்கறது சாமி?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார். மாடு கறந்து, மஞ்சள் வேகவைத்து, ஒரு பண்ணையம் முழுவதும் பார்த்த கை. பட்டனை அமுக்கமாட்டார், குத்துவார். ஒரு எழுத்து கேட்டால் வரிசையாக ஐந்தாறு எழுத்து வந்து நிற்கும். "ஏன் சாமி, நான் ஒண்ணுதான கேட்டேன்" என்று அதனிடமே சண்டை போடுவார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் செய்தது ஒன்றுதான்: ஊரில் இருந்த டிரில்லர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, வடக்கே ஒவ்வொரு ஊரைப் பற்றியும் கேட்டு, அட்டவணையில் ஏற்றினார். ஏஜென்டுகளோடு போனில் பேச நாலு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டார். அவர் இந்தி பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குத் தமிழ் வந்துவிடும் என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே, "அவிய புரிஞ்சுக்கறாங்கல்ல, அது போதும்" என்பார். கம்ப்யூட்டரில் அவருக்குப் பிடிக்காதது டெலிட் பட்டன் மட்டும்தான். முதல் வாரத்தில் கை தவறி ஒரு நாள் வேலை முழுவதும் மறைந்து, நான் அதை மீட்டுக் கொடுத்ததிலிருந்து அந்த மூலைப் பக்கமே விரலைக் கொண்டுபோகமாட்டார்.

ஆயுத பூசை அந்த ஊருக்குத் தீபாவளியைவிடப் பெரிய நோம்பி. யார்டில் லாரிகளைக் கழுவித் துடைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்க மாலை போட்டிருந்தார்கள். பட்டறைகளில் ஸ்பானர் முதல் சுத்தியல்வரை பூசையில் வைத்துவிடுவார்கள். வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். துக்கம் விழுந்த வருஷம் என்பதால் எங்கள் முதலாளி வீட்டில் நோம்பி இல்லை. ஆனால் பூசை போடாத வண்டியை எந்த டிரைவரும் எடுக்கமாட்டான். அதனால் வண்டிக்கு மட்டும் பூசை, அதை முதலாளியின் தம்பி குடும்பம் செய்யும் என்று முடிவாகியிருந்தது. தம்பி மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். முதலாளியம்மா ஆபீஸ் வாசலில் தள்ளி நின்றார். யாரும் அவரை விலகி நிற்கச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி அவரே போய் நின்றுகொண்டார் என்பதுதான் எனக்குக் கோபமாக வந்தது. போன வருஷம் இதே வண்டிகளுக்கு இவர்தான் பொட்டு வைத்தார். இந்த வருஷம் நெற்றியில் திருநீறு மட்டும் இட்டுக்கொண்டு, தன் வண்டிகளை யாரோ வீட்டுக் கல்யாணம்போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் வேலைக்கு வந்த பெண், அதிலும் வேறு சாமி கும்பிடுகிறவள். என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கூட்டம் சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். அலமாரியில் இருந்து ஒரு சந்தனப் பொட்டலத்தை எடுத்தார். டம்ளர் தண்ணீரில் கரைத்தார். "இது அவரு வாங்கினது. இதுக்கு ஆரும் வெக்கல பாரு" என்று லேப்டாப்பை மேசைக்கு நடுவில் நகர்த்தினார். என்னைத் தட்டைப் பிடிக்கச் சொன்னார். மூடியின் மேல் மூன்று பொட்டு வைத்தார். பிறகு லாரியில் ஸ்டியரிங்குக்கும் தனியாக வைப்பார்களே, அதுபோல் உள்ளேயும் வைக்க வேண்டும் என்று திறந்தார். விரலைச் சந்தனத்தில் நன்றாக முக்கி, எழுத்துகள் எதிலும் படாமல், ஓரமாகப் பார்த்து வைத்தார். எப்போதும் விரல் போகாத மூலை என்று நினைத்துத்தான் வைத்திருப்பார். சூடம் காட்டிக் கண்ணை மூடி நின்றார். நானும் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பல மாதங்களில் அவர் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஒரு ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. முதலில் துளை போட வேண்டிய பாயிண்ட்டின் ஊர் மாறியிருக்கிறது என்றார். அன்று காலைவரை அப்படி ஏதாவது வந்துகொண்டே இருந்ததால்தான் அட்டவணையை இன்னும் பிரிண்ட் எடுக்காமல் வைத்திருந்தோம். மறுநாள் விடிந்ததும் வண்டிகள் கிளம்ப வேண்டும். பூசையில் வைத்ததை இன்றைக்கே எடுக்கலாமா என்று அவர் தயங்கினார். "நான் எடுக்கறேங்கம்மா, எங்க சாமி ஒண்ணும் சொல்லாது" என்று திறந்தேன். அட்டவணையும் திறந்தது. முதல் கட்டத்தில் இருந்த ஊர்ப் பெயர் கண் முன்னாலேயே காணாமல் போனது. அடுத்த கட்டத்துக்குப் போனேன், அதுவும் போனது. நான் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அது காலியானது. கையை எடுத்துவிட்டேன், கை வைக்காமலே அது தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். சந்தனம் டெலிட் பட்டனைச் சுற்றி இறங்கி, அடியில் பிசினாகப் போய் நின்றிருந்தது. உள்ளே எங்கோ அது ஓயாமல் அமுங்கிக்கொண்டே இருந்தது. சேமிக்காமல் மூடினேன். பென்டிரைவில் நகல் எடுக்கலாம் என்று அந்தக் கோப்பைத் தொட்டதும் கோப்பே குப்பைத் தொட்டிக்குள் போய் விழுந்தது. தொட்டிக்குள் போய் அதைத் தொட்டால், நிரந்தரமாக அழித்துவிடவா என்று ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது. வேண்டாம் என்றால் மறுபடியும் கேட்டது. ஆமாம் என்று ஒரு தட்டு தட்டினால் ஒரு மழைக்கால உழைப்பு முடிந்தது. பென்டிரைவில் பழைய நகல் ஒன்று இருந்தது, ஆனால் முக்கியமானதெல்லாம் அதற்குப் பிறகு ஏற்றியது.

பட்டனைக் கழற்றப் பார்த்தோம், வரவில்லை. தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "எல்லா ஸ்க்ரூடிரைவரும் பூசையில இருக்குதுங்க. நாளைக்கு மத்தியானம்தான் எடுப்போம்" என்றார். அடுத்த கடையிலும் அதே பதில். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரே கருவி எங்கள் டெலிட் பட்டன்தான். நான் இப்படி ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று திரும்பினேன். முதலாளியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ற கை வெச்சிருக்கக் கூடாது சாமி," என்றார். "அதுக்குத்தான் பெரியவீங்க அப்படி வெச்சிருக்காங்க. இல்லீன்னா இத்தன நாளு ஓடினது நான் பொட்டு வெச்ச அன்னைக்கா நிக்கும்?"

அட்டவணை போனால் போகட்டும், பழைய நகலை வைத்து ஏதாவது செய்யலாம். இந்த எண்ணம் அவருக்குள் ஒருமுறை இறங்கி ஒட்டிக்கொண்டால் அதை எந்த ஸ்க்ரூடிரைவரும் எடுக்காது. நாளைக்குக் காலையில் கொழுந்தனார் கேட்கும்போது அவரே, எனக்கு வேண்டாம் தம்பி, வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். "அம்மா, சந்தனம் தண்ணியாப் போச்சு. அவ்வளவுதான். என் கை வெச்சிருந்தாலும் உள்ளதான் எறங்கியிருக்கும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அவர் அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். வாயால் சொன்னால் போதாது, இந்தச் சனியனை நிறுத்திக் காட்டினால்தான் நம்புவார் என்று எனக்குத் தெரிந்தது.

என் போனில் இருந்து இணைப்புக் கொடுத்து லேப்டாப்பிலேயே தேட ஆரம்பித்தேன். நல்லவேளை, டெலிட் பட்டன் கர்சருக்கு வலப்பக்கம் இருப்பதைத் தின்னுமே தவிர, நான் புதிதாக அடிப்பதைத் தின்னாது. ஒட்டிக்கொண்ட பட்டனை என்ன செய்வது என்று கேட்டு உலகத்தில் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒருவர் டீ கொட்டியிருந்தார், ஒருவர் வீட்டுப் பூனை ஏறி உட்கார்ந்திருந்தது. சந்தனம் வைத்தவர் யாரும் இல்லை. அவர்களில் யாரோ ஒருவருக்குப் பதில் சொன்ன இன்னொருவர் ஒரு சின்ன மென்பொருளைக் காட்டியிருந்தார். வேண்டாத பட்டன்களை நிறுத்திவைக்கும், இலவசம், நிறுவக்கூட வேண்டாம், திறந்தாலே ஓடும் என்று எழுதியிருந்தது. செய்தவரின் பக்கம் ஒரு படம்கூட இல்லாத வெறும் பக்கம். பயன்பட்டால் மகிழ்ச்சி என்று கடைசி வரியில் ஒரு வாக்கியம். விளம்பரம் இல்லை, கெஞ்சல் இல்லை. இலவசம் என்றால் உள்ளே ஏதாவது கண்ணி இருக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பயப்படுகிற நிலைமையில் நாங்கள் இல்லை.

இறங்கியதும் அங்கிருந்தே திறந்தேன். திரையில் ஒரு கீபோர்டின் படம் வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டனும் அதனதன் இடத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதலாளியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்பதுபோல் தலையாட்டினார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, மவுஸில் அவர் கையை வைத்தேன். "நீங்களே அமுக்குங்க." "நான் தொட வேண்டாம் சாமி." "நீங்கதான் தொடணும்." படத்தில் டெலிட் பட்டன் இருந்த மூலைக்கு அம்புக்குறியை நகர்த்திக் காட்டினேன். அவர் வழக்கம்போல் குத்தினார். படத்தில் அந்தப் பட்டன் சிவப்பானது. நான் குப்பைத் தொட்டியைத் திறந்து அந்தக் கோப்பைத் தொட்டேன். பெட்டி எழும்பவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு விடாமல் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோப்பை மீட்டு, அட்டவணையைத் திறந்தால் ஊர்கள் எல்லாம் வரிசையாக அவர் குத்தி ஏற்றியபடியே நின்றன. முதலாளியம்மா சிவந்துபோன அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று ஒவ்வொரு பட்டனாக அடித்துக் காட்டினேன். "ஒண்ணு கெட்டா ஒண்ணை மட்டும் நிறுத்தினாப் போதுமாட்ட இருக்குது" என்றார். பிறகு அழுதார். முதலாளி உடம்பு வந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிரின்டரில் தாள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்து தாள்களை அடுக்கினார்.

முதல் பஸ் பிடித்துக் காலையில் நான் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிகள் கிழக்கே பார்த்து வரிசையாக நின்றன. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலாளியம்மா தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிரில்லருக்கும் முதல் ஊர் எது, அடுத்தது எது, எந்த ஏஜென்ட் காத்திருப்பார் என்று சொன்னார். கொழுந்தனார் கேட்டுக்கொண்டே நின்றார். இடையில் ஏதோ ஒன்று கேட்டார், அம்மா தாளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நேத்து கம்ப்யூட்டரு ஏதோ நின்னுபோச்சாமுங்க? கடைக்காரன் சொன்னான். பூசை போட்டதும் அப்படி ஆயிருச்சுன்னு" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பயந்துதான் கேட்டார். தூர தேசத்துக்குக் கிளம்பும் வண்டி, போன தடவை அண்ணனைப் பறிகொடுத்த வண்டி. சுற்றி நின்றவர்கள் எல்லாம் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா மறைக்கவில்லை. "ஆமாங்க தம்பி. நான்தான் பொட்டு வெச்சேன். சந்தனத்தைத் தண்ணியாட்டக் கரைச்சுப்போட்டேன், உள்ள எறங்கிருச்சு. ஒரு பட்டன் போச்சு. அதைய நிறுத்தியாச்சு. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க." சந்தை நிலவரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். நேற்று என் கை என்றவர் இன்று சந்தனம் என்றார். அதைக் கேட்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாது என்று. முதல் வண்டியின் ஏணியில் ஒரு காலை வைத்து ஏறப் போன டிரில்லர் அண்ணன், முதலாளியின் உடம்போடு அத்தனை தூரம் உட்கார்ந்து வந்தவர், காலைக் கீழே இறக்கினார். "அப்பிடீன்னா எங்க வண்டிக்குக் கெட்டியாக் கரைச்சு வெச்சு உடுங்கம்மா" என்றார்.

அம்மா கொழுந்தனாரைப் பார்த்தார். அவர் லாரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு தன் மனைவியிடம், "அந்தக் கிண்ணத்தக் கொண்டாந்து குடு" என்றார். அந்தம்மா கொண்டுவந்தது நேற்றுக் கரைத்து மீந்த சந்தனம். காய்ந்து நல்ல கெட்டியாக இருந்தது. முதலாளியம்மா இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். விரலில் சந்தனத்தோடு லாரிக்கு முன்னால் போய் நின்றார். "எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார். "எங்க வேணும்னாலும் வைங்கம்மா. இதுல உள்ள எறங்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அண்ணன். அதற்கு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கொழுந்தனார் உட்பட யார்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நெற்றிபோல் அகன்ற அந்த லாரியில், நேற்று வைத்த பொட்டுக்குப் பக்கத்தில், முதலாளியம்மா தன் பொட்டையும் வைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

அதற்குப் பிறகு அவருடைய வண்டிகளை யாரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் நன்றாக ஓடும், ஒரு வருஷம் இழுத்துப் பறிக்கும். எல்லா ரிக் ஆபீசிலும் நடப்பதுதான். கொழுந்தனாரும் இவரும் வண்டி உதிரிபாகம் மாற்றிக்கொள்வார்கள், சண்டையும் போட்டுக்கொள்வார்கள். லேப்டாப்பை நாங்கள் பழுது பார்க்கவே இல்லை. அந்த மென்பொருளைத் தானாகத் தொடங்கும்படி வைக்கலாம் என்று பின்னாளில் கண்டுபிடித்துச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். காலையில் வந்ததும் முதல் காரியமாக அதைத் திறந்து, அந்த மூலைப் பட்டனைத் தானே சிவப்பாக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவார். விளக்கேற்றுவதுபோல் அதைச் செய்வார். யார் செய்ததோ தெரியவில்லை, நல்லா இருக்கட்டும் என்று சில நாள் வாய்விட்டுச் சொல்வார். எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து அதை எழுதியவருக்கு, திருச்செங்கோட்டில் இருந்து தினமும் காலையில் ஒரு வாழ்த்து போய்க்கொண்டிருப்பது தெரிந்திருக்க வழியில்லை. ஒருநாள் நன்றி எழுதலாம் என்று அந்தப் பக்கத்தைத் தேடிப் போனேன். பக்கமே இல்லை.

அப்பா ஓய்வு பெற்று, என் அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் ஆனபோது நான் வேலையை விட்டு ஊரோடு கடை வைக்க முடிவு செய்தேன். கடைசி நாள் முதலாளியம்மா அந்த லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது என்றாலும், முதலாளி வாங்கியதை எப்படிக் கொடுக்க மனசு வந்தது என்று கேட்டேன். "நீ கெளம்பற. வெறுங்கையோட அனுப்ப முடியுமா?" என்றார். சந்தனம் குழைத்தார், நல்ல கெட்டியாக. மூடியைத் திறந்து, எங்கே வைப்பது என்று கீபோர்டு முழுவதும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசியில் டெலிட் பட்டன் மேலேயே வைத்தார். "இனி இதுக்கு ஆகறதுக்கு ஒண்ணுமில்ல பாரு. தைரியமா வெக்கலாம்" என்று சிரித்தார். செத்தது என்று ஒதுக்கி வைத்த ஒன்றுக்குத் தேடிப் போய்ப் பொட்டு வைத்தவரை வேறு எதோடாவது ஒப்பிட்டு நான் எழுதப் போவதில்லை, படித்தால் திட்டுவார். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் சங்ககிரி தாண்டும்வரை லேப்டாப் பையை மடியிலிருந்து இறக்காமல் அழுதுகொண்டே வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷமும் ஆயுத பூசை அன்று கடையைக் கழுவிவிட்டேன். கடையின் பின்பக்கம் போட்டிருக்கும் கட்டிலில் உட்கார்ந்தபடியே என் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, "சந்தனத்துல தண்ணிய ஊத்தாதடி" என்று எச்சரித்தாள். கதை அவளுக்கும் மனப்பாடம். லேப்டாப்பைத் திறந்து, முதலில் அந்தச் சின்ன மென்பொருளை ஓடவிட்டு, படத்தில் மூலைப் பட்டன் சிவந்ததைப் பார்த்துக்கொண்டு, பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதுப் பொட்டு வைத்தேன். அதற்குள் போன் அடித்தது. முகம் தெரிகிற அழைப்பு. திரையில் முதலாளியம்மா; தலை நன்றாக நரைத்துவிட்டது. பின்னால் மாலை போட்ட லாரிகள். தலைமுடியை ஒதுக்கிய கையில் மணிக்கட்டுவரை சந்தனம் அப்பியிருந்தது. யாரோ, அம்மா இந்த வண்டிக்கு வாங்க என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. "வாரேன், இருப்பா" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, வருஷா வருஷம் கேட்பதையே என்னிடம் கேட்டார்.

"கெட்டியாக் கரைச்சயா சாமி?"

"கெட்டியாத்தானுங்கம்மா."

சரி என்று போனை வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். டெலிட் பட்டனில் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. காயட்டும் என்று மூடியைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.